எழுபத்திரண்டுக்கு மேல் போகாது

திங்கட்கிழமை காலை கேபிளைத் தோண்டி எடுக்கப்போகிறார்கள் என்று கென்னத் சொன்னபோது வெள்ளிக்கிழமை மதியம். லைன் கம்பெனியின் ஈப்போ ஆபீசில் அவன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. என் பூட்ஸில் செம்மண் அப்பியிருந்ததால் இருக்கலாம்.

“பதினோரு கிலோமீட்டரும் எடுத்துட்டு வேற கொந்திராக்டர் புதுசா போடுவான். ஒங்க பேரு இனிமே எங்க லிஸ்ட்ல இருக்காதுண்ணே. நான் ஒண்ணும் பண்ண முடியாதுலா.”

“ஜாயிண்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கென்னத்.”

“பகல்ல நல்லாத்தான் இருக்கும். விடியக்காலையில பனி எறங்குது, ஜாயிண்ட்ல ஈரம் ஏறுது, லைன் போயிருது. வெயில் வந்ததும் காஞ்சு சரியாயிருது. அதுக்கு மேல என்னா சொல்றது?”

பீடோருக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். இப்போது கொய்யாவும் காய்கறியும் போடுகிறார்கள். அங்கே எழுபத்திரண்டு பேருக்கு நிலம் இருக்கிறது. ஆளுக்கொரு கேமரா பெட்டி. இரவில் பன்றி, திருடன் எது வந்தாலும் படம் பிடித்து, காலையில் மொத்தமாக ஈப்போவுக்கு அனுப்பும். பத்தொன்பது பேரிடம் தண்ணீர் பம்பும் அதே லைனில் இருக்கிறது. பம்பு காலை ஆறு மணிக்கு விழித்து, இன்று தண்ணீர் விடலாமா என்று ஈப்போ கம்ப்யூட்டரைக் கேட்கும். முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால் லைன் அறுந்துவிட்டதாக எண்ணிச் சும்மா கிடந்துவிடும்.

மூன்று மாதமாக இதுதான் நடந்தது. ஒருநாள் ஏழு பம்பு ஓடாது. மறுநாள் வேறு ஐந்து. இன்னது என்று பிடிக்க முடியவில்லை. ஏழு மணிக்கு வந்து பார்த்தால் செடி காய்ந்து நிற்கும், கையால் அமுக்கினால் பம்பு ஓடும். அதனால் ஈரம் என்றார்கள்.

அந்தக் கேபிளைப் புதைத்தது நானும் ஆறு ஆட்களும். செம்புறாங்கல் தரை, கடப்பாரை தெறித்து முழங்காலில் அடிக்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை தலைமுடியைவிட மெல்லியது. முப்பத்தெட்டு இடத்தில் அதை ஒட்டியிருக்கிறேன். எல்லாம் என் கை. பதினொரு ஜாயிண்டை விடிகாலையில் போய்த் திறந்தே பார்த்துவிட்டேன். உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

“மேலிடத்திலேருந்து ஒரு மேடம் வர்றாங்க,” என்றான் கென்னத். “புனிதவதி. நெட்வொர்க் கணக்கு பாக்குறவங்க. தோண்டுறதுக்கு முன்னாடி ஒரு ரிப்போட் வேணும்ல. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.”

கணக்கு பார்க்கிறவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேபிளைப் பார்க்கக் கணக்குப்பிள்ளையா?

அன்று சாயங்காலமே அவள் வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஈப்போவில் தொழில் செய்யும் செட்டியார் வீட்டுப் பெண் என்று கேள்வி. சாதாரண ரப்பர் செருப்பு, முதுகில் ஒரு பை. கேபினட் இருக்கும் மேட்டில் லோரியை நிறுத்தினேன். தோட்டத்து லைன்கள் எல்லாம் அந்த இரும்பு அலமாரியில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரே கேபிளாகப் பீடோருக்குப் போகின்றன. என் கூட்டாளி சின்னையா வடையைக் கடித்துக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“என்னா மச்சான், கணக்கு போட்டா கேபிள் காஞ்சிருமா?”

அவளுக்குக் கேட்டுவிட்டது. “காயாதுண்ணே. ஆனா நனைஞ்சிருக்கா இல்லையான்னு சொல்லும்.” என்றவள் கையை நீட்டினாள். “வடை ஒண்ணுதான் இருக்கா?”

சின்னையா பையோடு கொடுத்துவிட்டான்.

ஜாயிண்ட் எதையும் திறக்கச் சொல்லவில்லை. கேபினட்டுக்குள் கம்பியைச் செருகி மடிக்கணினியில் எதையோ பார்த்தாள். பிறகு என்னிடம் இரண்டே கேள்வி கேட்டாள்.

“இந்த எடத்துல ஒரே நேரத்துல எவ்வளவு வந்து குவியும்? இங்கேருந்து எவ்வளவு வேகமா வெளிய போகும்?”

“லைன் காலியாத்தான் மேடம் கிடக்கு. ரிப்போட்ல இருக்கே. ஆறு மணியிலேருந்து ஏழு மணி வரைக்கும் நூத்துக்கு அஞ்சு கூட ஓடல.”

“அது ஒரு மணி நேரத்துக்குச் சராசரி. ஒரு மணி நேரத்துல எது நடந்தாலும் சராசரி அதைப் போட்டு அமுக்கிரும். ஒரு மனுசன் தலைய அடுப்புலயும் காலை ஐஸ்லயும் வச்சிருந்தா சராசரிக்கு அவன் சொகமா இருக்கான்.”

சின்னையா சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவள் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். கேமரா பெட்டி ஒவ்வொன்றும் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு படம் சேர்க்கும் என்று பார்த்தாள். பீடோர் லைனில் மற்ற வேலை போக மிச்சம் எவ்வளவு வேகம் என்று பார்த்தாள். ஒன்றை மற்றதால் வகுத்தாள்.

“ஒரு பெட்டியோட சுமையை இந்த லைன் சரியா ஒரு விநாடியில இழுத்துரும்,” என்றாள். “நல்ல லைன்தான்.” திரையில் விரலை வைத்தாள். “எழுபத்திரண்டு பெட்டி. எல்லாத்துலயும் அனுப்புற நேரம் ஆறு மணி, சூன்ய நிமிசம், சூன்ய விநாடின்னு இருக்கு. இதை யாரு வச்சது?”

“நான்தான்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். ஒவ்வொண்ணா கையாலதான் வச்சேன்.”

“ஏன் ஆறு?”

அதற்கு நான் பதிலை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஆறு மணி என்றால் பெரட்டு, காலை ஆள் கணக்கு. மேஸ்திரி மண்டோர் பெயர் கூப்பிடும்போது வரிசையில் நின்றாக வேண்டும். நிற்காதவனுக்கு அன்று வேலை இல்லை. என் அம்மா ஒருமுறை காய்ச்சலோடு ஐந்து நிமிடம் பிந்திப் போய் அப்படியே திரும்பி வந்தாள். அதைப் பற்றி எனக்கு இனிப்பான நினைவு எதுவும் இல்லை. ஆனால் உடம்பில் ஏறிவிட்டது. மிஷினைக் கையில் கொடுத்து, எப்போது ஆஜராக வேண்டும் என்று கேட்டால், ஆறு மணிக்கு, எல்லோரும், ஒரே வரிசையில் என்றுதான் என் கை எழுதும். அதை ஒழுங்கு என்று நினைத்தேன். சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது.

இதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“பெரட்டுக்கு எல்லாரும் ஒண்ணா வந்து நிக்கலாம்ணே. ஆனா போற வாசல்ல ஒரு ஆள்தான் நுழைய முடியும்னா என்னா ஆகும்? கடைசி ஆள் எவ்வளவு நேரம் நிப்பான்?”

“எழுபத்திரண்டு விநாடி,” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்ட பிறகுதான் அது புரிந்தது.

“பம்போட கேள்வி ரொம்பச் சின்னது. ஆனா அந்தக் கூட்டத்துக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சுன்னா அதுவும் நிக்கணும். முப்பது விநாடிக்கு மேல நின்னா பம்பு கைய விட்டுரும். எந்தப் பம்போட கடிகாரம் ரெண்டு விநாடி முந்தியிருக்கோ அது தப்பிச்சிரும். அதான் ஒருநாள் ஏழு, ஒருநாள் அஞ்சு.”

“அப்ப ஜாயிண்ட்?”

“அதை நாளைக்குப் பாப்போம். இது வரைக்கும் நான் சொன்னது வெறும் பேச்சுதான்.”

பிறகு அவள் செய்ததுதான் எனக்கு அவள்மேல் மதிப்பை உண்டாக்கியது. கேபிள் சுற்றி வந்த மர உருளையின் பலகையில் தடித்த பேனாவால் எழுதினாள்: “எழுபத்திரண்டுக்கு மேல் போகாது.” கீழே தேதி, கையெழுத்து. எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்தி வைத்தாள்.

“ஜாயிண்ட்ல ஈரம்னா காத்திருப்புக்கு எல்லையே இருக்காது. பனிக்கு ஏத்த மாதிரி ஒருநாள் ரெண்டு நிமிசம், ஒருநாள் பத்து நிமிசம்னு ஆடும். கூட்டம்தான் காரணம்னா, பெட்டிங்க எந்த வரிசையில முட்டிக்கிட்டு வந்தாலும் சரி, மழை பேஞ்சாலும் சரி, எழுபத்திரண்டைத் தாண்டாது. எழுபத்து மூணு வந்துச்சுன்னா என் கணக்கு தப்பு. நீங்க தோண்டிக்கலாம்.”

என் வாழ்நாளில் எத்தனையோ பெரிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நடந்து முடிந்த பிறகு காரணம் சொல்வார்கள். நடப்பதற்கு முன்னால், தான் எங்கே தோற்கலாம் என்பதைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யாரும் இல்லை.

சனிக்கிழமை ஐந்தரைக்கெல்லாம் மூவரும் கேபினட்டின் முன்னால் இருந்தோம். நல்ல பனி. லோரிக் கண்ணாடியில் வழிந்தது. அவள் மடிக்கணினி விநாடிக்குப் பத்து முறை பீடோருக்கு ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்தது. திரையில் எண்கள் விழுந்துகொண்டே இருந்தன. எல்லாம் விநாடியில் நூறில் ஒரு பங்கு. ஜாயிண்ட் நனைந்திருந்தால் இந்நேரம் ஆட ஆரம்பித்திருக்க வேண்டும். ஆடவில்லை.

ஆறு மணி.

எண்கள் நின்றுவிட்டன. யாரோ குழாயை மூடியதுபோல் இருந்தது. சின்னையா உரக்க எண்ண ஆரம்பித்தான். இருபது. முப்பது. தூரத்தில் பம்புகள் ஓடும் சத்தம் கேட்டது, சிலது மட்டும் ஓடவில்லை. ஐம்பது. என் பெயரும் கையும் அந்த வெள்ளைத் திரையில் இருந்தன. அறுபது. அறுபத்தைந்து என்றபோது சின்னையாவின் குரல் இறங்கிவிட்டது. எழுபத்து மூன்று வந்தால் திங்கட்கிழமை மண் தோண்டும் இயந்திரம் வரும்.

அறுபத்தொன்பதில் திரை நிரம்பியது. மாட்டிக்கொண்டிருந்த செய்திகள் அத்தனையும் ஒரே மூச்சில் வந்து கொட்டின. அதன்பின் மீண்டும் நூறில் ஒரு பங்கு.

“வந்துருச்சு!” என்று சின்னையா என் முதுகில் அறைந்தான். “அறுபத்தொம்பது! தாண்டலடா மச்சான்!”

புனிதவதி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“மூணு எங்க?” என்றாள்.

“எது?”

“எழுபத்திரண்டு எல்லை. அறுபத்தொம்பது வந்திருக்கு. எல்லைக்குக் கொஞ்சம் கீழ நிக்கும், அது வழக்கம்தான். ஆனா இது சரியா மூணு. ரெண்டரை இல்ல, மூணேகால் இல்ல. ஒரு பெட்டிக்கு ஒரு விநாடி. மூணு பெட்டி அனுப்பல.”

“எல்லாப் பெட்டியும் ஓடுது மேடம். நான் செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“எப்ப?”

“மூணு மாசத்துக்கு முன்னாடி.”

அவள் மடிக்கணினியை மூடினாள். பையை மாட்டிக்கொண்டாள்.

கேமரா விற்ற ஆபீஸ் சனிக்கிழமை திறக்காது. எந்தப் பெட்டி அனுப்பியது என்று கேட்க வழி இல்லை. இரண்டு மோட்டார் சைக்கிளில் எழுபத்திரண்டு நிலத்தையும் சுற்றினோம். சின்னையா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். “அதான் ஜெயிச்சாச்சுல? மூணு விநாடிக்கு எதுக்குலா இந்த சுசா, இவ்வளவு அலைச்சல்?” நாற்பதாவது நிலம்வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாற்பத்து நான்காவதில் ஒரு பெட்டி செத்துக் கிடந்தது. குரங்கு வயரைக் கடித்துத் தின்றிருந்தது. ஐம்பத்தெட்டில் இன்னொன்று, அதே குரங்கு வேலை. மூன்றாவது ராக்காயி அக்காவின் பொண்டோக்குக் குடிசையில். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு அந்த ஓட்டையில் சோறாக்கும் குக்கரைச் செருகியிருந்தார்.

“பெட்டி சும்மாதானே தொங்குது,” என்றார் ராக்காயி அக்கா. “பன்னி வந்தா நானே எந்திரிச்சு வெரட்டிருவேன். சோறு யாரு ஆக்குறது?”

“எத்தனை நாளாக்கா?”

“தைப்பூசத்திலேருந்து.”

மற்றப் பெட்டிகளையும் பார்த்து முடித்தோம். எல்லாம் உயிரோடு இருந்தன. செத்தவை மூன்று. இரண்டு இல்லை, நான்கு இல்லை.

கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். நான் கால்தேய நடந்து, கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்ட பெட்டிகள். இவள் மேட்டில் நின்றபடி ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல் போட்டு, அதில் மூன்று செத்துவிட்டது என்கிறாள். மந்திரம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் மதித்திருக்க மாட்டேன். எப்படி வந்தது என்று தாளைக் காட்டினாள். ஆறாம் வகுப்போடு நிறுத்திய எனக்கும் புரிந்தது.

“இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்சதா?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே. நூறு வருசத்துக்கு முன்னாடி டென்மார்க்குல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆரம்பிச்ச கணக்கு. எத்தனை பேர் ஒரே நேரத்துல போன் பண்ணுவாங்க, எத்தனை லைன் வேணும்னு பாக்க. இப்ப நான் போட்டது அதுக்குப் பின்னாடி வந்தது. ரொம்ப மோசமா போனாலும் எவ்வளவு போகும்னு எல்லை கட்டுறது.” தாளைத் திருப்பினாள். “இன்னொண்ணு பாருங்க. இதே எழுபத்திரண்டு பெட்டி. இதே லைன். ஆறு மணின்னு சொல்லாம, அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள எப்பவாவது வாங்கன்னு விட்டிருந்தா, சராசரிக் காத்திருப்பு எவ்வளவு தெரியுமா?”

“பத்து விநாடி?”

“விநாடியில நூத்துல ஒரு பங்கு.”

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைனைப் பெரிதாக்க வேண்டாம். ஒரு கம்பிகூடப் புதிதாக இழுக்க வேண்டாம். வரிசையில் நில் என்று சொல்லாமல் இருந்திருந்தால் போதும்.

மத்தியானம் அவள் ரிப்போர்ட் எழுத லோரிக்குள் உட்கார்ந்தபோது சின்னையா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“மச்சான், நல்லா கேளு. நேரத்தை மாத்தி வச்சா நாளையிலேருந்து பம்பு ஓடும். மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, ஆறு மணி விசயத்தை எழுத வேணாம்னு. ஜாயிண்ட்டைத் தொடச்சோம், சரியாயிருச்சுன்னு கென்னத்துகிட்ட சொல்லிருவோம். எவனும் தோண்ட மாட்டான். ஒன் பேரும் தப்பிச்சிரும்.”

“தொடச்சோம்னா?”

“ஈரத்தை.”

“ஈரமே இல்லயேடா.”

“ஒனக்குத் தெரியும். அவனுக்கென்னா தெரியும்?”

வழி நல்ல வழிதான். அதில் ஆளுக்கும் சேதம் இல்லை, சாமானுக்கும் சேதம் இல்லை. ஆனால் செய்யாத தப்பைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, செய்த தப்பை மறைக்க வேண்டும். முப்பத்தெட்டு ஜாயிண்டும் ஈரம் ஏறின ஜாயிண்ட் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். வேறு எதையும் எனக்குச் சுத்தமாகச் செய்யத் தெரியாது.

“வேணாம்,” என்றேன்.

“அப்ப வேலை போனா?”

“போகட்டும்.”

“பைத்தியக்காரன்லா நீ,” என்று சொல்லிவிட்டு அவன் செத்த பெட்டிகளுக்கு வயர் மாற்றப் போனான்.

சாயங்காலம் நேரத்தை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே எல்லாம் அனுப்பி முடித்துவிட வேண்டும். எவ்வளவு இடைவெளி விடுவது என்று அவள் தாளை எடுப்பதற்குள் நான் கைபேசியில் வகுத்துவிட்டேன்.

“அம்பது விநாடி,” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அம்பதேதான். கடிகாரம் அங்க இங்க ரெண்டு விநாடி ஓடினாலும் ஒண்ணோட ஒண்ணு முட்டாது.” பலகையைத் திருப்பி மறுபக்கத்தில் எழுதினாள்: ஒன்றுக்கு மேல் போகாது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. கேபினட்டுக்குப் போனேன். திரை நிற்கவே இல்லை. ஒரு மணி நேரத்தில் அதிகபட்சக் காத்திருப்பு தொண்ணூற்றாறில் நின்றது, அதாவது ஒரு விநாடியை நூறாக்கினால் அதில் தொண்ணூற்றாறு. ஆறு மணிக்குப் பத்தொன்பது பம்பும் ஓடின. பனி அன்றும் கொட்டியது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கென்னத்தின் மேசை முன்னால் நின்றேன். புனிதவதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தான். இணைப்புகளில் பழுது இல்லை. காரணம், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரம் வைத்தது. யார் வைத்தது என்று அதில் இல்லை. நான் கேட்டதால் அல்ல, அவளாகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

“யாரு இந்த ஆறு மணியை வச்சது? கேமரா கம்பெனியா?”

புனிதவதி என்னைப் பார்க்கவில்லை.

“நான்தான் வச்சேன்,” என்றேன்.

கென்னத் பேனாவை வைத்தான். “சும்மா இருந்திருந்தா நான் கேமராக்காரன் தலையிலயில்ல போட்டிருப்பேன்?”

“முப்பத்தெட்டு ஜாயிண்ட்டும் என்னுதுன்னு சொல்றேன்ல. அப்ப ஆறு மணியும் என்னுதுதான்.”

அவன் போனை எடுத்தான். தோண்டும் இயந்திரம் லோரியில் ஏறித் தாப்பா ஊரைத் தாண்டிவிட்டதாம். “திருப்பிக்கிட்டுப் போகச் சொல்லு... ஆமாலா, திரும்பிப் போ. தேவையில்ல.” போனை வைத்துவிட்டு என்னிடம், “லிஸ்ட்ல பேரு இருக்கும்ணே. ஆனா வார்னிங் லெட்டர் கொடுத்துத்தான் ஆகணும். மூணு மாசம் விவசாயிங்க செடி காஞ்சிருக்கு. இனிமே செட்டிங்ல நீங்க கைய வைக்கக் கூடாது. நேரமெல்லாம் மேடம் எழுதிக் கொடுப்பாங்க. கேபிள் மட்டும் ஒங்க வேலை.”

“சரி.”

கடிதம் அடித்து வந்தது. உட்கார்ந்து படித்தேன். முதல் வரியில் முப்பத்தெட்டு இணைப்புகளிலும் பழுதில்லை என்று இருந்தது. இரண்டாவது வரியில் நேரம் வைத்ததில் என் தவறு இருந்தது. இரண்டும் சரி. கையெழுத்துப் போட்டேன்.

“எனக்கு ஒரு காப்பி வேணும், கென்னத்.”

“வார்னிங் லெட்டருக்கா?”

“ஆமா.”

“இதுக்கு யாருமே காப்பி கேட்டதில்லண்ணே,” என்றான் கென்னத்.

புனிதவதி எழுந்து போய் மிஷினை அமுக்கினாள். சூடாக வந்த தாளை என் கையில் கொடுத்தாள்.